சின்ன ஜார்

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு இரண்டு சின்ன ஜார்கள். ஒன்று சமையலறையில் இருக்கும். மற்றது மொட்டை மாடியில் நான் படம் வரையும் அறையில், பூட்டுக்குள் இருக்கும். மாடி ஜாரின் பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருந்தேன். அதில் நான் அரைப்பது அடையாற்றுச் சேறு.

என் கணவர் காஷிஃபின் அக்கா கைசர் ஜஹான் ஆபா இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல பொம்பளைங்க மசாலா அரைக்கறாங்க, மருதாணி அரைக்கறாங்க. நீ இன்னாடான்னா கூவத்த அரைச்சுக்கினு கீற." கூவம் இல்லை ஆபா, அடையாறு என்று திருத்தினேன். "எல்லாம் ஒரே நாத்தம்தான், போ" என்றார்.

ஆபா சொன்னதில் தப்பில்லை. கடல் உள்வாங்கும் நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போய் பக்கெட்டில் சேறு அள்ளி வருவேன். தி. நகரில் பாலத்துக்கு அடியில் தூண்களில் படிந்திருக்கும் புகைக்கரியைச் சுரண்டிக்கொள்வேன். பழைய வயர்களை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் விட்டுப்போன சாம்பலும் கொஞ்சம். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, அரைத்து, மல் துணியில் சலித்து, பிசின் விட்டுக் குழைத்தால் ஒரு நிறம் வரும். கறுப்பென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது. அந்த ஒரே நிறத்தில் நான் மிருகங்களை வரைந்தேன். எருமை, நண்டு, கொக்கு, கரையில் செத்து ஒதுங்கும் பங்குனி ஆமை. கடையில் வாங்கிய பெயின்டால் ஆற்றை வரையமாட்டேன், ஆற்றால்தான் வரைவேன் என்று எனக்கு ஒரு திமிர்.

இருப்பதில் பெரியது கூழைக்கடா. சுவர் உயரத்துக்கு ஒரு தாய்ப்பறவை வாயைத் திறந்து நிற்கும். அதன் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை விட்டு இரை எடுக்கும். அந்தத் தொண்டையில் மட்டும் சேற்றை அப்பி அப்பித் தடிமனாக்கியிருந்தேன். அபிராமபுரத்தில் தன் பழைய வீட்டையே கேலரியாக மாற்றி வைத்திருக்கும் ஸ்ரீரஞ்சனி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் நிறத்தில் ஒரு சிட்டிகை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதும் அவள்தான். அவர்கள் சொன்னதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, படத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட ஏற்பாடு செய்தாள். ஈயம், காட்மியம், குரோமியம். அதில் ஈயம்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

"பாக்கறவா பயந்துண்டேதான் வெளில போகணும், ரூபீனா" என்றாள்.

எனக்கும் அதுதான் ஆசை. ஈயம் என்ற சொல்லைப் பார்த்து அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என்னை அலட்சியக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மாஸ்க், கையுறை இல்லாமல் அந்த ஜாரைத் தொட்டதில்லை. வேலை முடிந்ததும் மாடிக் குழாயிலேயே குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் கீழே வருவேன். என் மகள் மஹ்விஷுக்கு ஆறு வயது. அவளுக்கு மாடிப்படி ஏறவே அனுமதி இல்லை. படங்களை என் செல்போனில்தான் பார்த்திருக்கிறாள்.

"அந்தக் குட்டிக்கு இன்னா ஊட்டுது அம்மி?" என்று கேட்டாள்.

"மீன்" என்றேன்.

படங்களை டெம்போவில் ஏற்றிய சனிக்கிழமை மாடி அறையையும் காலி செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் தளம் பூச ஆள் வரச்சொல்லியிருந்தார். தூரிகை, சல்லடைத் துணி, ஜார் எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டுக் கீழே கொண்டுவந்து, பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒரு மூலையில் தள்ளி வைத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நானும் காஷிஃபும் படங்களை மாட்ட அபிராமபுரம் போனோம். மஹ்விஷைப் பார்த்துக்கொள்ள ஆபா திருவல்லிக்கேணியிலிருந்து ஆட்டோ பிடித்து சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுத் தமிழ்நிலாவும் விளையாட வந்திருந்தாள். அவர்கள் தி. நகரிலிருந்து போன மாதம்தான் எங்கள் குடியிருப்புக்கு வந்தார்கள். அம்மா ஜெயபாரதி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வந்த வாரமே குழந்தைகள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். சாப்பாடு யார் வீட்டில், தூக்கம் யார் வீட்டில் என்று கேட்பதையே நாங்கள் விட்டுவிட்டோம்.

மதியம் நாங்கள் திரும்பியபோது ஆபா உற்சாகமாக இருந்தார்.

"ரூபீனா, நாளைக்கி நான் மௌத்தாயிட்டா உன் சமையக்கட்டு இன்னா ஆவுமோ தெரியல. சின்ன ஜாரத் தேடித் தேடிப் பாக்கறேன், காணோம். கடைசில பின்னாடி பக்கெட்டுல கெடக்குது. அழுக்குன்னா அழுக்கு, அப்டி ஒரு அழுக்கு. பிடியில வேற டேப்ப சுத்தி வெச்சிருக்க. அதப் பிச்சுட்டு, புளி போட்டுத் தேச்சேன். இப்பப் பாரு, கடையில வாங்குன மாதிரி கீது."

சமையலறை அலமாரியில் ஜார் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. சமையலறை ஜார் அடியில் ஒழுகுகிறது என்று நான்தான் அதை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். அதை ஆபாவிடம் சொல்ல மறந்துபோனேன்.

"எதுக்கு ஆபா ஜாரு?" என்று கேட்டேன்.

"தோசைக்குத்தான். புதினா சட்னி. கொஞ்சம் கறுத்துப்போச்சு. புதினா முத்தல்போலன்னு உட்டுட்டேன். கொழந்தைங்க ரெண்டும் தட்டக் காலி பண்ணிட்டுதான் எழுந்திரிச்சுதுங்க."

பயத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், கண்காட்சிக் கையேடுகளில். அன்றைக்கு எனக்கு வந்தது வேறு. கழிவறைக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே என் மகள் எதற்கோ சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது ஆபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காஷிஃப் சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லாக் கழுவிட்டுத்தானே அரைச்சிருக்காங்க" என்றார் காஷிஃப். "ஒண்ணும் இருக்காது ரூபீனா."

நான் ஜாரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். வளையலில் கோத்திருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி பிளேடுக்கு அடியில் விட்டு நெருடினேன். கறுப்பாக, பசையாக, நெளிந்து வந்தது. நடுவில் புதினா இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஆபா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டியது என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான வேலை. தட்டாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், நினைத்தேன். ஆனால் அவள் குழந்தையும் சாப்பிட்டிருக்கிறதே.

ஜெயபாரதி முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இன்னாங்க சொல்றீங்க? எம்பொண்ணு உங்கூட்ல சேத்தத் துன்னுச்சா?"

"தெரியாம நடந்துபோச்சு, ஜெயபாரதி. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட..."

"சேறுன்னா இன்னா சேறு? அதுல இன்னா கீது?"

சொன்னேன். ஈயம் என்ற சொல்லை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படம் வரையறேன்னு சொன்னீங்க. நான்கூட எங்க ஸ்கூல்லலாம் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். இதெல்லாம் ஊட்ல வெக்கிற சாமானா? உங்களுக்குப் புத்தி கீதா?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது.

மந்தைவெளியில் குழந்தை டாக்டர் அனந்தராமன் இருவரையும் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கண்ணை, ஈறைப் பார்த்தார். "ஒரு வேளை சாப்ட்டதுக்கெல்லாம் பதறாதேங்கோ. எதுக்கும் ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாத்துடலாம். ரிசல்ட் வர நாலஞ்சு நாள் ஆகும்" என்றார்.

"இருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று ஜெயபாரதி கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஈயம் வலிக்காது. அதான் அதோட தொல்லை. மெள்ள மூளையத் தொடும். பாடம் ஏறாது, கவனம் நிக்காது. ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியவரும்."

அந்த வார்த்தைகளுக்குப் பிறகு நான் என் மகளைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கினேன். நேற்று என்ன கிழமை? ஆறும் ஏழும் எவ்வளவு? உன் மிஸ் பெயர் என்ன? ஒருநாள் ஃபரீதா மிஸ் பெயர் அவளுக்குச் சட்டென்று வரவில்லை. கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "சொல்லு, சொல்லு" என்று கத்தினேன். அவள் அழுதபடி மிஸ் பெயரைச் சொன்னாள். அப்படியும் எனக்குப் போதவில்லை. முன்பெல்லாம் உடனே சொல்வாளா, இப்படித்தான் யோசிப்பாளா என்று எனக்கே நினைவில்லை. சொந்த மகளைப் பற்றி இது கூடத் தெரியவில்லையே என்று சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

ஆபா நோன்பு பிடிக்க ஆரம்பித்தார். ரமலான் இல்லை, ஒன்றுமில்லை. அவராகவே பிடித்தார். தினமும் சாயங்காலம் அஸ்ர் தொழுகை முடிந்ததும் போன் செய்வார். "கொழந்த நல்லா கீதா?" அவ்வளவுதான் கேட்பார். நான் "ம்" என்பேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் எடுத்த ஜார், கேட்காமல் பிய்த்த டேப். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஜாரை அம்மிக்கல்லால் நசுக்கிக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் கண்காட்சித் திறப்பு வந்தது. போகமாட்டேன் என்றேன். "மொத நாளே நீ இல்லேன்னா எப்படிடி?" என்று ஸ்ரீரஞ்சனி காரே அனுப்பிவிட்டாள். அவளிடம் நான் நடந்ததைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அதையும் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடுவாளோ என்று பயம்.

நல்ல கூட்டம். ஏசி குளிரில் எல்லோரும் கூழைக்கடாவுக்கு முன்னால்தான் நின்றார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி, பெரிய எழுத்தில் மாட்டியிருந்ததைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயம்மா இருக்கு. ஆனா எவ்ளோ அழகு! அந்தக் குட்டிக்குத் தெரியாதே பாவம், அம்மாவே என்னத்தக் குடுக்கறான்னு."

என் கையை உருவிக்கொண்டேன். அந்தப் படத்தை நான்தான் வரைந்தேன், தொண்டையில் சேற்றை அப்பியதும் என் விரல்கள்தான். அன்றுதான் அதன் எதிரில் நிற்க முடியாமல் போனது. பின்கட்டு வழியாக வெளியேறி, தெருவில் வாந்தி எடுத்தேன். ஒரு நாய் தள்ளி நின்று பார்த்தது.

ரிசல்ட் வந்த அன்று நாங்கள் இரண்டு அம்மாக்களும் டாக்டர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் கைப்பை.

"ரெண்டு பேருக்கும் இருக்கலாம்கிற அளவுக்கு மேலதான் இருக்கு" என்றார் அனந்தராமன். "பயங்கரம்னு சொல்ல மாட்டேன். ஆனா மேலதான். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு."

ஜெயபாரதி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"அந்த ஜாரைத் தூக்கிப் போட்டாச்சோல்லியோ?" என்று என்னிடம் கேட்டார்.

"போட்டுட்டேன் டாக்டர். நசுக்கியே போட்டேன்."

"அப்போ காரணத்த எடுத்தாச்சு. இனிமே உள்ள போகாது. இருக்கறது மெள்ள எறங்கும். பால், முட்டை, கீரை எல்லாம் நன்னாக் குடுங்கோ. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்." பிறகு காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். "ஒரு வேளைக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் படறது. சரி, பாப்போம்."

அவர் கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. காரணத்தை எடுத்தாச்சு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். தப்பு என்னுடையது, ஆபாவுடையது, ஒரு ஜாருடையது. ஜார் குப்பை வண்டியில் போய்விட்டது. இனிமேல் இறங்கும். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று ஒரு வாய் சோறு இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஜெயபாரதி தமிழ்நிலாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். நன்றாகத் திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன். வாங்கத் தயாராகவும் இருந்தேன்.

"எங்கிட்ட சொன்னத ஆன்ட்டிகிட்ட சொல்லு" என்றாள் மகளிடம்.

தமிழ்நிலா தரையைப் பார்த்தாள். "நான் சட்னி சாப்டல ஆன்ட்டி. காரமா இருக்கும்னு தொடவே இல்ல. தோசைக்கு சர்க்கரை வெச்சுக்கினேன்."

"உங்க நாத்தனாரு ரெண்டு தட்டும் காலின்னு சொன்னாங்களே" என்றாள் ஜெயபாரதி என்னிடம்.

மஹ்விஷ் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "புப்பு வேஸ்ட் பண்ணாத் திட்டுவாங்க. அதான் அவ சட்னியயும் நானே சாப்ட்டேன்" என்றாள். அத்தையை எங்கள் வீட்டில் புப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியத்தைச் சொல்லிவிட்ட திருப்தியில் அவள் தமிழ்நிலாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கூடத்துக்கு ஓடினார்கள்.

நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம். எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் மகள் இரண்டு பங்கு சாப்பிட்டிருக்கிறாள். அவள் மகள் ஒரு துளிகூடத் தொடவில்லை. இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே அளவு.

"உங்கள அன்னிக்கி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றாள் ஜெயபாரதி. "மன்னிச்சுருங்க."

"வேணாம், ஜெயபாரதி."

"அப்ப எங்கருந்துங்க வந்துச்சு?"

அவளே பேசிக்கொண்டு போனாள். "தி. நகர்ல ரோட்டு மேலயே ஊடு. ஜன்னலத் தெறந்தா வண்டிப் புகை. அதுவா? எங்க ஸ்கூல் சறுக்குமரத்துல பெயின்ட் உரிஞ்சி உரிஞ்சி விழுது, பசங்க கையோட ஒட்டிக்கினு வரும். அதுவா? மஞ்சத்தூளா? மண்ணா? தண்ணியா? சொல்லுங்க, நீங்கதான படிச்சவங்க, இதத்தான வரையறீங்க."

எனக்குத் தெரியாது. ஆற்றில் என்ன இருக்கிறது என்று ஆய்வகத்துக்கு அனுப்பிச் சுவரில் மாட்டத் தெரிந்தது. ஆறு அங்கேயே இருக்கிறது, நான் போய்தான் அள்ளிவருகிறேன் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். கையுறையும் மாஸ்க்கும் பூட்டும் அந்த நம்பிக்கையில்தான். அது ஜாராகவே இருக்கக்கூடாதா என்று அந்த வாசலில் நின்று ஏங்கினேன். தப்பு என்மேலேயே இருக்கட்டும், ஆபாமேல் இருக்கட்டும், எங்களைத் திட்டி முடித்துவிட்டால் குழந்தைகள் பிழைத்துவிடுவார்கள் என்று இருக்கக்கூடாதா?

அஸ்ர் முடிந்து ஆபாவின் போன் வந்தது. "கொழந்த நல்லா கீதா?" நோன்பில் தொண்டை வறண்டிருந்தது அவருக்கு.

"உங்க மேல தப்பு இல்ல ஆபா. நோன்ப விடுங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஓவென்று அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்பது புரிந்தது. எனக்குத்தான் அந்தச் சந்தோஷம் வரவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஜெயபாரதி சமையலறை வரை வந்து நின்றிருந்தாள். அவளும் நான் பார்ப்பதையே பார்த்தாள். மசாலா டப்பாக்கள், குழாய், தகரத்தில் பூ வரைந்த டம்ளர்கள், ஜன்னல் கம்பியில் உரியும் பச்சைப் பெயின்ட், பரங்கிக்காய் வைத்திருந்த கூடை, வெளியே சாந்தோம் நெடுஞ்சாலையின் தூசி படிந்த கொசுவலை. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதையும் தொடவில்லை.

குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடி வேர்த்துப்போய் உள்ளே வந்தார்கள்.

"அம்மி, தண்ணி" என்றாள் மஹ்விஷ்.

டம்ளரை எடுத்தேன். அதன் பூவைப் பார்த்ததும் வைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். குடத்திலிருந்து மொண்டேன். மொண்ட பிறகு கை நீளவில்லை. ஜெயபாரதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை.

"தாகமாக் கீது அம்மி. குடு."

வேறு எந்தத் தண்ணீரை நான் கொடுப்பேன்? கொடுத்தேன். அவள் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, அண்ணாந்து குடித்தாள். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.